பேசின் பிரிட்ஜில் விட்ட இடம்

மாலையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாததால் அது கடைசியில் கோதண்டபாணியின் மடிக்கு வந்து சேர்ந்தது. ரோஜா மாலை, நல்ல கனம். பூக்காரம்மா தாராளமாகத் தண்ணீர் தெளித்துக் கொடுத்திருந்தாள், அந்தத் தண்ணீர் முழுக்க இப்போது அவர் பேண்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பத்மாசினி காலையில் இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்த பேண்ட். கூட்டத்தை ஏற்பாடு செய்த டைட்டஸ்தான் மாலையை வாங்கி வந்தான். மேடை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த மெர்வினின் பெரிய போட்டோவுக்கு அதைப் போட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து அழகும் பார்த்தான். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து நவமணி மேடம் எழுந்தார். வேலூரில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், குரலில் இன்னும் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற பலம் இருந்தது. "உயிரோட இருக்கறவருக்குப் போட்டோல மாலை போடுவாங்களா டைட்டஸ்? கழட்டுங்க மொதல்ல." டைட்டஸ் வெலவெலத்துப்போனான். பாராட்டு விழா என்றால் மாலை உண்டுதானே என்று என்னவோ முனகினான். உண்டுதான், ஆனால் அதற்குக் கழுத்து வேண்டும், கழுத்து போன மாதமே ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டது. கழற்றிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவன், இருப்பவர்களில் பெரியவர் என்று கோதண்டபாணியின் மடியில் கொண்டுவந்து வைத்தான். பாணி சார், நீங்கதான் கடைசியா பேசறீங்க, அதுவரைக்கும் பத்திரமா வச்சுக்கோங்க என்றான். அவரும் தலையாட்டினார். அவருக்கு மாலையைப் பற்றி யோசிக்க நேரமில்லை, நாற்பது வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை இன்றைக்கு வாய்விட்டுச் சொல்லப்போகிறார்.

மெர்வின் ஓக்லி கிதாரைக் கீழே வைத்துவிட்டான், அதுதான் செய்தி. முகநூலில் இரண்டே வரி, கிதாரைக் கீழே வைத்துவிட்டேன், கேட்டவர்களுக்கெல்லாம் நன்றி என்று. மெர்வினுக்கு வயது எழுபத்துநாலு, ஆனாலும் அவர்கள் எல்லோருக்கும் அவன் அவன்தான். வாய் எப்படிச் சொன்னாலும், சாமியையும் மெர்வினையும் யாரும் மனசுக்குள் அவர் இவர் என்று நினைப்பதில்லை. கோதண்டபாணி அந்த இரண்டு வரியைப் படித்தபோது புரசைவாக்கத்தில் தன் கண்ணாடிக் கடையில் ஓர் அம்மாவின் மூக்கில் சோதனை ஃபிரேமைப் பூட்டி, இது தெளிவா இருக்கா, இதுவா என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்றாள் அந்த அம்மா. அவருக்குக் கை ஓடவில்லை. கடைசிக் கச்சேரி என்று ஒன்று கிடையாதா, சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவது. யோசித்துப் பார்த்தால் ஜனவரியில் ஓர் ஓட்டல் புல்வெளியில் யாரோ கம்பெனிக்காரர்கள் வைத்ததுதான் கடைசி. அன்றைக்கு அவர் சமோசாவைக் கடித்துக்கொண்டேதான் பாதிக் கச்சேரியைக் கேட்டார். கடைசி என்று தெரிந்திருந்தால் சமோசாவைத் தொட்டிருப்பாரா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மெர்வின், நாங்கள் சட்டையையாவது மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருப்போம். என்ஜின் டிரைவர் மகன், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பையன், ப்ளூஸ் என்றால் ஊதா நிறமா என்று கேட்டுக்கொண்டிருந்த ஊரில் ஒற்றை ஆளாக ப்ளூஸ் ராக் வாசித்தவன். ப்ளூஸ் என்றால் என்ன என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் கோதண்டபாணி சொல்வது, அழவேண்டியதைக் கிதாரிடம் கொடுத்து அழச்சொல்வது, அவ்வளவுதான். கூட்டம் நடக்கிற இந்த மாடி ஹாலில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ இடித்து ஒரு டிக் சத்தம் போட்டது. கீழே பேக்கரியில் கேக் வெந்துகொண்டிருந்தது, அந்த வாசனை படியேறி வந்து ரோஜாவோடு கலந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று மூன்று மணிக்குச் சாப்பிட்ட சாப்பாடு வேறு நெஞ்சிலேயே நின்றது.

எப்படி ஆரம்பிப்பது. நண்பர்களே என்றா, வேண்டாம், அது கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கும். அந்தப் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். மெர்வினின் பாட்டுகளில் 'பேசின் பிரிட்ஜ்' தெரியாதவர்கள் இந்த ஹாலில் இல்லை. இரவெல்லாம் ஓடிவந்த ரயில் சென்ட்ரலுக்கு முன்னால் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நின்றுவிடும், ஊர் கண்ணுக்குத் தெரியும், இறங்க முடியாது. மெட்ராஸுக்கு ரயிலில் வந்த எல்லோரும் பட்ட பாடு, அதை அவன் பாட்டாக்கினான். பாட்டின் நடுவில் கிதார் ஏறி ஏறிப் போய், உச்சியில், ஏழு ஸ்வரம் வரவேண்டிய இடத்தில், சட்டென்று நின்றுவிடும். டிரம்ஸும் பேஸும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், கிதார் மட்டும் இருக்காது. அந்த வெற்றிடத்தில் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஏழு ஸ்வரத்தையும் பாடும். பாடி முடித்ததும் கிதார் திரும்ப உள்ளே வரும், ரயில் நகர்கிற மாதிரி. அது சிக்னலில் ரயில் நிற்கிற இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். கோதண்டபாணிக்கு மட்டும்தான் உண்மை தெரியும். எண்பத்து மூன்றாம் வருஷம், பெரம்பூரில் ஒரு டான்ஸ் ஹால், மூன்றாவது வரிசை, அவருக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. சரியாக அந்த உச்சியில் கிதாரின் கம்பி ஒன்று பட்டென்று அறுந்தது. மெர்வின் அறுந்த கம்பியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். எங்கிருந்து தைரியம் வந்ததோ, கோதண்டபாணியின் தொண்டையிலிருந்து, அதுவரை கோயில் பஜனையில்கூட வாயைத் திறக்காத தொண்டையிலிருந்து, மிச்சமிருந்த ஏழு ஸ்வரமும் வெளியே வந்தது. மெர்வின் அவரைப் பார்த்துத் தலையாட்டினான், சிரித்தான், மீதிக் கம்பிகளை வைத்துக்கொண்டு வாசித்து முடித்தான். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டான். சிகரெட்டும் கொலோன் சென்ட்டும் கலந்த வாசனை. தோளில் கையை வைத்தான், சட்டையைத் தாண்டி அந்த விரல் நுனிகளின் காய்ப்பு தெரிந்தது. "அது உன் இடம் மேன். இனிமே நான் அங்க வாசிக்க மாட்டேன், உனக்கு விட்டுடறேன். நீதான் வரணும். யார்கிட்டயும் சொல்லாத, அப்புறம் எல்லாரும் ஆளுக்கொரு இடம் கேப்பானுங்க."

சொல்லவில்லை. பத்மாசினியிடம் மட்டும் சொன்னார், அதுவும் கல்யாணமான புதிதில், அவர் ஏன் கோயம்புத்தூருக்குப் போக மறுக்கிறார் என்று அவள் அழுதபோது. அவள் அண்ணன் கோயம்புத்தூரில் பெரிய கண்ணாடிக் கடை போட்டு இவரைப் பங்குக்குக் கூப்பிட்டார். கடை, மாடியில் வீடு, அடுத்த தெருவிலேயே அவள் அக்கா. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள். மெர்வின் எப்போது எங்கே வாசிப்பான் என்று முதல் நாள்தான் தெரியும், கோயம்புத்தூரிலிருந்து ஓடிவர முடியாது, அவர் வராவிட்டால் பேசின் பிரிட்ஜில் அந்த இடம் காலியாகவே நிற்கும். வெளியூர்க் கச்சேரிகளில் அவன் அந்த ஏழு ஸ்வரத்தையும் தானே வாசித்துக்கொள்வான் என்று அவராகவே ஒரு கணக்கு வைத்திருந்தார், கேட்டதில்லை. சென்னையில் ஒன்றையும் விட்டதில்லை. போகப்போகக் கூட்டமே பாட ஆரம்பித்தது, ஆனால் தொடங்குவது அவர்தான், மற்றவர்கள் ஒரு நொடி கழித்துத் தொத்திக்கொள்வார்கள், அது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பத்மாசினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவரு வாசிக்கறாரு, நீங்க பாடறீங்க, நான் எங்க அக்கா மூஞ்சியப் பாக்காம இருக்கணும், அப்படித்தானே என்றாள். அதற்குப் பிறகு கோயம்புத்தூர் என்ற வார்த்தையை எடுத்ததில்லை. எடுக்காததுதான் உறுத்தியது. இன்றைக்குக் கிளம்பும்போது சட்டைக் காலரை நீவிவிட்டுச் சொன்னாள். "இன்னைக்காவது எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. எதுக்காக இங்கயே கிடந்தோம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்." மெர்வின்தான் கிதாரையே விட்டுவிட்டுப் போய்விட்டானே, இனிமேல் ரகசியம் எதற்கு. திரும்பிப் போனதும் கதவைத் திறந்துகொண்டே கேட்பாள், சொன்னீங்களா என்று.

டைட்டஸ் முதலில் நவமணி மேடத்தைப் பேசக் கூப்பிட்டான். மேடம் மைக்கை வாங்கி, பழக்கதோஷத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பவர் மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தொண்ணூறில் தங்கள் கல்லூரி விழாவுக்கு மெர்வின் வந்ததைச் சொன்னார். மழை பெய்தது, பந்தல் ஒழுகியது. கோதண்டபாணி பாதிதான் கேட்டார், மீதி மனசு நண்பர்களேவுக்கு மாற்றாக ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தது. பேசின் பிரிட்ஜ் வாசிச்சாரு, உச்சிக்குப் போனாரு, அப்போ கம்பி அறுந்துது என்றார் மேடம். கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடடா, எப்படியோ கதை இவர் காதுக்கும் போயிருக்கிறது, யார் சொல்லியிருப்பார்கள், மெர்வினே சொல்லியிருப்பான், ஊரையும் வருஷத்தையும் மட்டும் இந்த அம்மா குழப்பிவிட்டார், பரவாயில்லை, வயசாகிறது. மேடம் தன் பெயரைச் சொல்லும்போது எழுந்து நிற்க வேண்டுமா, உட்கார்ந்தபடியே கும்பிட்டால் போதுமா என்றுகூட ஒரு நொடி யோசித்தார். மடியில் மாலை இருப்பதால் எழுந்திருப்பது சிரமம். உட்கார்ந்தே கும்பிடலாம் என்று முடிவு செய்து கையைத் தயாராக வைத்துக்கொண்டார். மேடத்தின் குரல் இறங்கியது. "நான்தான் பாடினேன். அந்த மிச்சத்த. இத இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. அன்னைக்கு என்கிட்ட சொன்னாரு, அது உன் இடம் மா, உனக்கு விட்டுடறேன்னு." ஹாலில் கைதட்டினார்கள். கோதண்டபாணியின் கைகள் கும்பிடுவதற்காகப் பாதி தூக்கியபடியே இருந்தன. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவே, கோதண்டபாணியும் அவற்றைச் சேர்த்துத் தட்டினார்.

பொய் என்றுதான் முதலில் தோன்றியது. பொய், படித்த பெண்மணி, எதற்கு இப்படி ஒரு பொய். ஆனால் அந்தக் குரலைப் பொய் சொல்கிறவர்களால் கொண்டுவர முடியாது, மேடம் உட்கார்ந்த பிறகும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அப்படியானால் தற்செயல். கம்பி என்றால் அறும், மழையில் ஈரம் பட்டால் இன்னும் சுலபமாக அறும், அறுந்தால் யாராவது பாடத்தான் செய்வார்கள். சரி, அதே இடத்தில் அறுமா. உச்சியில் இழுத்து வாசிக்கிற இடம், அறுந்தால் அங்கேதான் அறும். அறட்டும். அது உன் இடம் என்ற வார்த்தைகூடவா தற்செயல். தோளில் கை வைத்தானா என்று மேடத்தைக் கேட்க வேண்டும்போல் இருந்தது, பெண்பிள்ளை தோளில் வைத்திருக்க மாட்டான், வேறு எங்கே, தலையிலா. சீ, என்ன கேள்வி இது. மாலையின் நார் விரலில் சுற்றிக்கொண்டது, அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். இல்லாவிட்டால் தப்பு தன் பக்கம். கடைக்குச் சிலர் வருவார்கள், வெளியே காத்திருக்கும்போதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்து கடகடவென்று கடைசி வரி வரைக்கும் படிப்பார்கள். கண் தெரிவதாக அவர்களே நம்பிவிடுவார்கள். பலகையைத் திருப்பிப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். தானும் அப்படித்தானோ, அந்த டான்ஸ் ஹாலில் உண்மையில் வேறு யாரோ பாடி, தான் பக்கத்தில் நின்று பார்த்து, வருஷக்கணக்காக மனப்பாடம் செய்து, இப்போது தன்னுடையது என்று கடகடவென்று ஒப்பிக்கிறோமோ. மூன்றாவது வரிசையா, நாலாவதா. நாற்காலி மரமா, இரும்பா. மரம் என்றால் உள்ளங்கையில் அந்த வழவழப்பு இருக்க வேண்டும். தேடினார், ரோஜா ஈரம்தான் இருந்தது. ஆனால் விரல் காய்ப்பு, சட்டையைத் தாண்டி வந்த அந்த விரல் காய்ப்பு இருக்கிறதே, அதை எப்படி மனப்பாடம் செய்ய முடியும். அது நிஜம். அதைப் பிடித்துக்கொண்டார். மின்விசிறி டிக்கென்றது. இன்னும் எத்தனை பேர் பேசவேண்டும், இருவரா, மூவரா, தண்ணீர் குடித்தால் தேவலை.

அடுத்தது பிரகதீஷ். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, கூட்டத்துக்கென்றே காலை ரயிலில் வந்திருந்தான், முப்பத்தெட்டு வயதுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. மைக்கை வாங்கி வைத்துக்கொண்டு நவமணி மேடத்தையே பார்த்தான். பேசு தம்பி என்றார் மேடம். அவன் சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. தான் எழுதிக்கொண்டு வந்ததை இப்போது படிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை என்றான். பெங்களூரில் ஒரு பப்பில் மெர்வின் முதல்முதலாக வாசித்த ராத்திரி தான் இருந்ததாகச் சொன்னான். பேசின் பிரிட்ஜ் என்றான். உச்சி என்றான். யாரோ பின்வரிசையில், கம்பி அறுந்துதா என்று கேட்டார்கள், கேலியாகத்தான் கேட்டார்கள், அவன் ஆமாம் என்றதும் கேட்டவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "நான் அதுக்கப்புறம் மூணு வேலைய விட்டிருக்கேன் சார். வெளிநாடு போகச் சொன்னாங்க, போகல. அவரு என்னை நீதான் வரணும்னாரு." அவ்வளவு சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டான். யாரும் கைதட்டவில்லை. கோதண்டபாணி டைட்டஸைப் பார்த்தார். டைட்டஸ் மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்த பெயரைச் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான், கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துகொண்டு போனது, ஐயோ, இவனுமா. ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக்காரர், நாளெல்லாம் முகங்களைத்தான் பார்க்கிறவர். அங்கங்கே ஒவ்வொரு முகமாகக் கீழே கவிழ்ந்துகொண்டிருந்தது, செல்போனைப் பார்ப்பது மாதிரி, செருப்பைப் பார்ப்பது மாதிரி. தொடங்குவது நான், மற்றவர்கள் தொத்திக்கொள்கிறார்கள். இந்த ஹாலில் எத்தனை பேர் அப்படி நினைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடினார்களோ.

ஒரு கம்பி எத்தனை தடவைதான் ஒரே இடத்தில் அறும். புது ஊர், புதுக் கூட்டம், அதே உச்சி, பட். ரம்பத்தால் லேசாக ஒரு கீறல் போட்டு வைத்திருப்பானா, பழைய கம்பியை அதற்கென்று எடுத்து வைத்திருப்பானா. அறுந்ததும் கூட்டத்தைப் பார்த்தானே, அந்தப் பார்வையைத்தான் இத்தனை வருஷம் சாமி கும்பிடுகிற மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார், தவித்துப்போய்ப் பார்க்கிறான் என்று. எவன் வாயைத் திறக்கப்போகிறான் என்று பார்த்திருக்கிறான். எவனாவது திறப்பான், எப்போதும் ஒருத்தன் இருப்பான், கல்யாண வீட்டில் மொய் எழுத ஆள் கிடைப்பதுபோலக் கிடைப்பான். கூப்பிட்டுத் தோளில் கையைப் போடு, ரகசியம் என்று சொல்லு, சாகிற வரைக்கும் வருவான். கோதண்டபாணிக்கு வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது, கோபத்துக்கு எதிரில் ஆள் வேண்டும். ஏமாந்தது ஒரு பக்கம், இத்தனை பேரோடு வரிசையில் நின்று ஏமாந்தது அதைவிடக் கேவலமாக இருந்தது. அவருக்கு என்ன, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், என்று நினைத்தவர் திடுக்கிட்டார், தான் மெர்வினை அவர் என்று நினைத்துவிட்டோம், யாரோ மூன்றாம் மனிதரைச் சொல்வதுபோல. கோயம்புத்தூர் மாடி வீட்டில் ஒரு பால்கனி இருந்தது. பத்மாசினி ஒரே ஒரு தடவை அங்கே நின்று துணி காயப்போட்டாள், மச்சான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய அன்று, யாரும் கேட்காமலே, அங்கே கிடந்த ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். தன் வீடு என்று நினைத்துப் போட்டிருக்கிறாள். அந்தத் துண்டு இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது. சொன்னீங்களா என்று கேட்பாள். என்னத்தைச் சொல்வது. எனக்கு விட்ட இடத்தில் வேலூர் அம்மா இருக்கிறார், பெங்களூர்ப் பையன் இருக்கிறான், நம் டைட்டஸ்கூட இருக்கிறான், உன் அக்காவை நீ பார்க்காமல் இருந்தது இதற்காகத்தான் என்றா. அக்கா போய்ச் சேர்ந்து ஐந்தாறு வருஷமாகிறது.

டைட்டஸ் ஒருவழியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்கலாம் என்றான். பாவம், அவனுக்கும் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. மெர்வினுக்கு வெகுகாலமாக ஒலி பார்த்த ஆரோக்கியம் மூலையில் தன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். ஜனவரிக் கச்சேரியை அவர் தன் ஒலி மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவு செய்து வைத்திருந்தாராம், மேடை மைக்கில் விழுந்தது மட்டும்தான் அதில் இருக்கும், கூட்டத்தின் சத்தம் ஏறாது, சுத்தமாக இருக்கும் என்று டைட்டஸ் சொன்னான். அந்த இடம் வரும்போது நாம எல்லாரும் சேர்ந்து பாடறோம் என்று அவன் குறிப்பில் எழுதி வைத்திருந்திருப்பான், இப்போது அதைச் சொல்லவில்லை. பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்ததும் கோதண்டபாணிக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது, ஏனென்றால் நன்றாக இருந்தது. அந்தக் கிதார் பொய் சொல்லவில்லை, சொன்னாலும் தெரியவில்லை. ரயில் வந்தது, தண்டவாளம் மாறுகிற சத்தம் கூட வந்தது, விடிகாலையில் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஊரைப் பார்க்கிற ஏக்கம் அப்படியே வந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஏறியது, இன்னும் ஏறியது, உச்சி. நின்றது. டிரம்ஸ் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவருடைய தொண்டை பழக்கத்தில் தானாகத் திறந்து, ஏழில் முதல் ஸ்வரம் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டார். நவமணி மேடம் பாடவில்லை. பிரகதீஷ் பாடவில்லை. ஒருவர் வாயும் அசையவில்லை. நாற்பது வருஷத்தில் முதல்தடவையாக அந்த இடத்தில் யாரும் இல்லை. அதனால் அங்கே என்ன இருந்தது என்பது கேட்டது. ஃபிளாஸ்க் மூடியைத் திருகுகிற சத்தம். ஊற்றுகிற சத்தம். ஒரு மடக்கு குடித்துவிட்டு ஹா என்கிற சத்தம். அப்புறம் மெர்வின் ஓக்லியின் குரல், மைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக. "சாப்பாடு இவங்களே தர்றாங்களா மேன், இல்ல நாமதான் பாத்துக்கணுமா?" டிரம்ஸ்காரன் தாளம் தவறாமல், பஃபே இருக்கு அங்கிள் என்றான். மூடியைத் திருகி மூடினார்கள். கிதார் உள்ளே வந்தது.

அப்படி வந்தது, மனசைப் பிசைந்துகொண்டு. ஆரோக்கியம் லேப்டாப்பின் மேல் பாய்ந்து ஒலியைக் குறைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ திரும்பவும் கூட்டினார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்துல நானும் பாடிட்டுத்தான் இருப்பேன் சார், நான் கேட்டதேயில்ல என்று யாரிடமோ சொன்னார். கோதண்டபாணி அந்த ஜனவரி ராத்திரியை நினைத்துக்கொண்டார். சமோசாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கர்சீப்பில் துடைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடினார், அது ஞாபகமிருக்கிறது, நிச்சயமாக ஞாபகமிருக்கிறது, இதை யாரும் மனப்பாடம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு பெண் அழுதாள். கண்ணைத் திறந்திருந்தால் ஃபிளாஸ்க் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவர்களாகத்தான் மூடிக்கொண்டார்கள். பாணி சார் என்றான் டைட்டஸ். பாட்டு இன்னும் முடியவில்லை, ஆனால் அவனுக்கு அந்தப் பாட்டிலிருந்து எல்லோரையும் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. "பாணி சார், நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசி முடிச்சுடுங்க."

எழுந்தார். பேண்ட்டின் முன்பக்கம் முழுக்க நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது, ஒன்றிரண்டு ரோஜா இதழும் ஒட்டியிருந்தது, தட்டிவிடவில்லை. மேடை என்றால் மேடை இல்லை, ஒரே ஒரு படி. மைக்கை நீட்டிக்கொண்டிருந்த டைட்டஸைத் தாண்டிப் போனார். போட்டோவில் மெர்வின் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைக் கூட்டத்தின் மேல் வைத்து, யாரையோ தேடுகிற மாதிரி. நல்ல போட்டோதான். இத்தனை பெரிதாக எடுத்து ஃபிரேம் போட யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். கோதண்டபாணி இரண்டு கையாலும் மாலையைத் தூக்கிப் போட்டோவுக்குப் போட்டார். ஃபிரேமின் மூலையில் அது மாட்டிக்கொண்டது, எக்கி விடுவித்தார். கும்பிடவில்லை. பின்னால் நாற்காலி ஒன்று கிறீச்சென்று நகர்ந்தது. நவமணி மேடம் எழுந்து வந்துகொண்டிருந்தார். வரட்டும், கழற்றச் சொல்லட்டும், இந்தத் தடவை தான் விடப்போவதில்லை என்று கோதண்டபாணி ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் போட்டோவுக்கு முன்னால் வந்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மாலையின் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்ததைத் திருப்பிச் சரியாகத் தொங்கவிட்டுவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.